நரியைப் பூனை என்றவன்

சின்ன வயதில் நாங்கள் பார்த்த ஜப்பானிய கார்ட்டூன் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேனலில் வரும். ஒரு வார்த்தை புரியாது. அதனால் அண்ணன் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே பேசுவான். அதில் வரும் நரியைக் கடைசிவரை பூனை என்றுதான் சொன்னான். நடுநடுவே "தூங்கிட்டீங்களா?" என்று கேட்பான். நானோ தங்கையோ பதில் சொன்னால்தான் கதை நகரும்.

தொடர் முடிவதற்குள் அவன் காய்ச்சலில் போய்விட்டான். மீதியை நாங்கள் பார்க்கவில்லை.

போன மாதம் ஜப்பானிய கார்ட்டூன் ரசிகர் குழுவில் பழைய கதை பேசிப் பேசி ஆசை கிளம்பி, ஜப்பானிலிருந்து முழுத் தொடரின் டிஸ்க்குகளை வரவழைத்தேன். அவை இங்குள்ள பிளேயரில் ஓடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. பிளேயரையும் வரவழைத்தேன்.

"பொம்மைப் படத்துக்கு இவ்வளவு அலப்பறையா?" என்ற தங்கைதான் ஞாயிறு மதியம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் பார்க்காத கடைசிப் பகுதியைப் போட்டேன். மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. குத்துமதிப்பாக ஒரு ஆடியோவைத் தேர்ந்தெடுத்தேன்.

"பூனை வந்துடுச்சு, எல்லாரும் ஓடுங்க" என்றது அண்ணனின் குரல்.

தங்கை என் பக்கம் திரும்பவில்லை. நான் ரிமோட்டைத் தொடவில்லை.

பாதிக் கதையில் "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டான். அதன்பின் சத்தமே இல்லை. திரையில் நரியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இல்லண்ணா, சொல்லு" என்றாள் தங்கை.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.