பல்லிக்கு யார் சகுனம் சொல்வது?

டிராவல்ஸ் ஆபீஸ் சுவரில் ஒரு பல்லி இருந்தது. வெளிநாடு போக வருகிறவர்கள் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரையே பார்ப்பார்கள். அது "ச்சு ச்சு" என்றால் போதும், மேசையை விரலால் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கப்பல் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்குமாக அது வழியனுப்பியவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள்.

"ஊரையே பிளேன் ஏத்திட்ட. நீ எப்பதான் கிளம்பப் போற?" என்று கேட்டது மேசைமேல் இருந்த உலக உருண்டை.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா அண்ணே? கிளம்பும்போது பல்லி சொல்லணுமே. எனக்கு நானே சொல்லிக்கிட்டா செல்லுமா?"

அன்று சிவஞானம் என்பவர் உல்லாசக் கப்பலில் பரிமாறுகிற வேலைக்குப் புறப்பட்டு, டிக்கெட் வாங்க வந்திருந்தார். அவர் பெட்டியின் வெளிப்பை திறந்தே கிடந்தது. பல்லி அதை ஏக்கத்தோடு பார்த்தது. உருண்டைக்கு மனசு கேட்கவில்லை. துருப்பிடித்த அச்சில் முக்கி முனகி ஒரு சுற்றுச் சுற்றியது.

"க்ரீச்."

"எந்தத் திசையில சொன்னீங்க அண்ணே?" பல்லிக்கு அப்போதும் சந்தேகம்.

"நான் உலகம்டா. எனக்கு எல்லாத் திசையும்தான்."

பல்லி ஒரே தாவில் பைக்குள் விழுந்தது.

சிவஞானம் முகம் மலர்ந்து மேசையைத் தட்டினார். "கேட்டீங்களா, சுவத்துல பல்லி சொல்லுது. போற காரியம் ஜெயம்தான்" என்றபடி ஜிப்பை இழுத்து மூடினார்.

உள்ளே இருந்த பல்லி, பழக்கதோஷத்தில் பதில் கொடுத்துவிடாமல், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.