முதலைக்கு ஒரு சான்று

காட்டின் நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது. காட்டைப் பற்றித் தெரிந்ததை அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். மான்கள் அதைப் படித்துவிட்டுத்தான் தண்ணீருக்கே போகும்.

"ஆலமடுவில் முதலை இருக்கிறது" என்று ஆள்காட்டிக் குருவி எழுதியது. சற்று நேரத்தில் வரியைக் காணோம். மறுபடி எழுதியது. முள்ளம்பன்றி வந்து மறுபடி அழித்தது.

"ஏங்க அழிக்கிறீங்க?"

"சான்று இல்லையேம்மா."

"என் கண்ணால பார்த்தேன்! நேத்து ஒரு மான்குட்டியை இழுத்துட்டுப் போச்சு!"

"நீ பார்த்தது செல்லாது. வேற யாராவது எங்கேயாவது எழுதியிருக்கணும். நாம எல்லாருமே சம்பளம் இல்லாம பொதுவுக்குத்தான் உழைக்கிறோம். கோபப்படாதே."

குருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆலமடுத் தண்ணீர் தேனாய் இனிக்கும்" என்ற வரி மட்டும், எந்தச் சான்றும் இல்லாமல், பாறையில் பத்திரமாக இருந்தது. அதைப் படித்த மான்கூட்டம் ஒன்று மடுவை நோக்கித் திரும்பியது.

"அப்போ நீங்களும் அவங்ககூடப் போய் ஒரு வாய் குடிங்க. திரும்பி வந்தா, வந்து அழிங்க!" என்று கத்திவிட்டு, குருவி மான்களை மறிக்கப் பறந்தது.

"எனக்கு ஓடைத் தண்ணிதாம்மா ஒத்துக்கும்" என்றது முள்ளம்பன்றி, பாறையை விட்டு நகராமலே.