நம்ம கடல் புழு

ஃபுகுவோகாவில் மீன்களில் இருக்கும் உருண்டைப் புழுக்களை வகைபிரிப்பதுதான் சவாகோவுக்கு வேலை. ஆஸ்பத்திரி டாக்டர் இசோபே அவளிடம் சின்னக் குப்பியை நீட்டினார்.

“காலையில தனியா வந்த ஒரு அம்மாவோட வயித்துல எடுத்தது, மேடம். ராத்திரி பச்சைக் கானாங்கெளுத்தி சாப்பிட்டாங்களாம்.”

சவாகோ மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

“இது நம்ம கடல் புழு இல்ல. நம்மது மீன் குடலோட நின்னுக்கும். இது கிழக்கே பசிபிக் பக்கம் வர்றது, மீனோட சதைக்குள்ள பூந்துடும். வெறுங்கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பச்சையா சாப்பிடலாம்னு எந்த அரைகுறை சொல்லிச்சு?”

“அந்தம்மா சுட்டுத் தரத்தான் சொன்னாங்களாம். வீட்டுல ஒருத்தங்க குடலைக் கிளறிப் பாத்துட்டு, ‘நம்ம கடல் புழுதான், எள்ளு தூவி அப்படியே சாப்பிடுங்க’ன்னாங்களாம்.”

சவாகோவின் கண் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை.

“யாருன்னு கேட்டா வாயே திறக்கல. ‘பேரைச் சொன்னா அவ வேலைக்கு அவமானம்’கறாங்க. வீட்டுக்கு போன் பண்ணவும் விடல. அந்த ஆளு மட்டும் சிக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

“கேளுங்க டாக்டர்,” என்றாள் சவாகோ, தலை நிமிராமலே. “அந்தம்மா என் மாமியார்.”