புதுக் கம்பளம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், படகுப் பட்டறையின் தகரக்கூரை வெயிலில் படபடக்கிறது. வாரன் ஒரு மீன்பிடிப் படகின் தரையில் ஒட்டியிருக்கும் பழைய கம்பளத்தை உரித்தெடுக்கிறான். அடியில் பலகை கருத்து, ஈரவாடை அடிக்கிறது. கட்டைவிரலை வைத்தால் ஊறிய ரொட்டிபோல் உள்வாங்குகிறது. “க்ளைவ், தரையே மக்கிப்போச்சுய்யா. பலகைய மாத்தாம தண்ணியில எறக்காதே.” “நாளைக்கு பாரமுண்டி மீன் சீசன் தொறக்குது, பேத்திக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீ புதுக் கம்பளத்த ஒட்டுப்பா. மீனா வந்து அதத் தூக்கிப் பாக்கப்போகுது?” படகுக்காரர் க்ளைவ் சிரிக்கிறார். வாரன் சிரிக்கவில்லை, ஆனாலும் அவன் கை பசையைத் தடவுகிறது. சாம்பல்நிறக் கம்பளம் சுருக்கமில்லாமல் படிகிறது. எந்த இடம் அமுங்கியது என்று இப்போது அவனுக்கே தெரியவில்லை. க்ளைவ் பேத்தியின் சின்ன இருக்கையைக் கொண்டுவந்து வைத்து, அதன் திருகாணியைத் தரைக்குள் விரலாலேயே திருகுகிறார். அது தலைவரைக்கும் இறங்குகிறது. “பாத்தியா,” என்கிறார், “திருப்புளிகூட தேவைப்படல.”