வேலி தாண்டிய கிளை

அந்தப் பூங்காவின் கதவு நெஞ்சைச் சோதித்து, நிழலில் நடந்தால் தேறக்கூடியவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். பாக்கியவதிக்குத் திறந்தது. கணவர் துரைக்கண்ணுவுக்கு இன்று திறக்கவில்லை. இருவருக்குமே சர்க்கரைதான். ஆனால், "இந்த இதயத்துக்கு இனி மரநிழல் வீண்" என்றது கதவு.

"வாங்க, வீட்டுக்கே போயிடலாம்."

"நீ ஒரு நாள் வராட்டி உன் இடத்தையும் பறிச்சிடுவாங்க. நீ நட. நான் வெளியே கூடவே வர்றேன்."

வேலிக்கு உள்ளே அவள், வெளியே கொதிக்கிற தார் ரோட்டில் அவர். நல்லவேளையாக ஒரு புங்கமரம் வேலி தாண்டிக் கிளை நீட்டியிருந்தது. அவரைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதன் கீழே முண்டியடித்து நின்றார்கள். அவரும் போய் ஒண்டிக்கொண்டார்.

"மூச்சு கொஞ்சம் லேசா இருக்குடி."

மறுநாள் வந்தபோது, வேலி தாண்டிய கிளைகளை ஒன்றுவிடாமல் வெட்டியிருந்தார்கள்.

"நீ உள்ளே போ, வெயில் ஏறுது" என்றார்.

பாக்கியவதி அண்ணாந்து பார்த்தாள். மரம் பட்டுப்போகக் கூடாதென்று, வெட்டிய இடத்திலெல்லாம் மருந்து பூசியிருந்தார்கள்.