படியேறும் சோதனை

1938-ஆம் வருஷம். மணப்பாறை மாட்டு வியாபாரி அம்மாசி நெஞ்சுவலியில் விழுந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்திருந்தான். திருச்சி டாக்டரிடம் அவனே வந்து நின்றான்.

"நெஞ்சு பழையபடி ஆயிடுச்சான்னு சோதிச்சுச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு சின்ன மரப்படியைக் காட்டினார். "இதுல ஏறி இறங்குங்க. நான் நாடியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

அவன் மனைவி செல்லாயி பதறினாள். "வேணாங்க. ஏறும்போதே ஏதாவது ஆயிட்டா?"

"வலி வந்த புதுசுல நானே விடமாட்டேம்மா. இப்ப உடம்பு தேறியிருக்கு. நெஞ்சு லேசா அடைச்சாலும் உடனே நிறுத்திடலாம்."

அம்மாசி ஏறினான், இறங்கினான். செல்லாயி கண்ணை மூடி மலைக்கோட்டைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள். அவன் படுத்திருந்த நாளெல்லாம் சோறு ஊட்டி, மலஜலம் எடுத்துப் போட்டவள் அவள்.

"நல்லா இருக்கு. பயமில்லாம நடமாடலாம்" என்றார் டாக்டர்.

செல்லாயிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

வெளியே காத்திருந்த பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப நம்பிக் குடுக்கலாங்களா, டாக்டர்?"

"எதை?"

"என் பொண்ணைத்தாங்க. நெஞ்சுவலிக்காரருக்கு ரெண்டாந்தாரமாத் தரமாட்டேன்னு சொல்லியிருந்தேன். இனி தை மாசமே முடிச்சிடலாம்."

அம்மாசி மீசையைத் தடவிச் சிரித்தான்.

செல்லாயி வெளியே ஓடி, சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அம்மாசி பின்னாலேயே வந்து நின்றான்.

"எந்திரிச்சு வாயைக் கழுவு. பொண்ணு வீட்டுக்காரர் பார்க்கறாரு."