தோளுக்குப் பொருந்திய கட்டை

மகுடபதியின் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியின் மரக்கட்டையைக் கரையான் அரித்துவிட்டது. புதுக்கட்டை போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்று மகுடபதி ஆசாரி குழந்தைவேலுவைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். குழந்தைவேலு ஈட்டி மரத்தை இழைத்து, இரும்பு உட்கார இடம் குடைந்து, எண்ணெய் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தார்.

மகுடபதி அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். "நீளமா இருக்குது. ஒரு விரக்கடை குறைங்க."

"செவுத்துல மாட்டறதுக்குத்தானுங்களே? இருந்துட்டுப் போகட்டுமுங்க."

"சொன்னதைச் செய்யுங்க."

குறைத்துக் கொடுத்தார். மகுடபதி இப்போது சன்னலோரம் போய் நின்று, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். வெளியே, வேலிக்கு அப்பால், தோட்டம் பங்கு பிரிந்ததிலிருந்து அவரோடு பேசாத தம்பி தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் வாய்க்காலோரம் நடக்க நடக்க, துப்பாக்கியின் குழலும் கூடவே மெல்ல நகர்ந்தது.

"சுட முடியாதபடி குழலை அடைச்சுத்தானுங்க வெச்சிருக்குது?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"அடைச்சுத்தான் இருந்துச்சு." மகுடபதி துப்பாக்கியை இறக்கி அவர் கையில் கொடுத்தார். "கன்னத்துல இன்னும் கொஞ்சம் இடிக்குது. அதையும் இழைச்சுட்டா முடிஞ்சுது."

வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் வந்த ஆசாரியின் தலையைக் கண்ட தம்பி அங்கிருந்தே கூவினான். "ஆசாரி, எங்க வீட்டுக் கதவையும் ஒருக்கா வந்து பாருங்க. சாத்தவே மாட்டேங்குது."

குழந்தைவேலு துப்பாக்கியைச் சன்னலுக்குக் கீழே இறக்கிப் பிடித்தார்.

"நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க" என்றார் மகுடபதி, பின்னாலிருந்து, மெதுவாக.